கடுவன் மூன்று தரம் மணலுக்குப் போனது ஏன்?

விடியப்புறம் ஐந்தரை இருக்கும். கிணற்றடியில் தேசிமரத்துக்குக் கீழே எங்கள் கடுவன் பூனை குந்தியிருந்தது. முதுகை வளைத்து, வாலை விறைத்துப் பிடித்துக்கொண்டு முக்கியது. எழும்பியது, முன்னங்காலால் மண்ணைத் தள்ளியது, இரண்டடி தள்ளிப் போய் மறுபடி குந்தியது. மூன்றாம் தரம் தொண்டைக்குள் ஓர் அனுக்கம் கேட்டது. "மலச்சிக்கல் போலை கிடக்கு" என்றேன். அம்மா ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய் எடுத்து, அதன் வாயைத் திறந்து ஊற்றினா. அன்று சனிக்கிழமை. ஞாயிறு முழுவதும் அது சாப்பிடவில்லை. இரண்டு தரம் சத்தி எடுத்தது. குசினிக்குப் பின்னால் விறகு அடுக்கியிருந்த மூலையில் போய்ப் படுத்துக்கொண்டது. வெக்கைக்குக் குளிர்ந்த இடம் தேடுகிறது என்று நினைத்தோம். திங்கள் விடியப் பால் வைக்கப் போனபோது உடம்பு விறைத்திருந்தது.

சில கிழமைகளுக்குப் பிறகு, வீட்டு நாய்க்கு விசர்நாய்த் தடுப்பூசி போட வந்த மிருக வைத்தியரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "பிள்ளை, அது குந்தி எழும்பின இடத்திலை மண் நனைஞ்சிருந்ததோ?"

ஒருவரும் பார்க்கவில்லை. மூன்று தரம் குந்தியதைக் கண்ட எங்களுக்கு, அந்த மூன்று இடத்திலும் குனிந்து பார்க்கத் தோன்றவில்லை. பார்த்திருந்தால் மண் காய்ந்து கிடந்தது சனிக்கிழமையே தெரிந்திருக்கும். கடுவனுக்கு மலம் இறுகவில்லை. சலம் அடைத்திருந்தது. அது உயிரோடிருந்த இரண்டு நாளும் எங்கள் கையில் இருந்த நாட்கள்.

அந்த வைத்தியரின் கேள்வியை யாழ்ப்பாணத்தில் பூனை வளர்க்கும் வீடுகளுக்கெல்லாம் கொண்டுபோக வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

மூடி மறைக்கிற சீவன்

மாடு வளர்க்கிறவர் காலையில் தொழுவத்துக்குள் நுழைந்தவுடன் சாணியைப் பார்க்கிறார். இளகியிருக்கிறதா, இறுகியிருக்கிறதா, சளி கலந்திருக்கிறதா என்று யாரும் சொல்லிக் கொடுக்காமலே அவர் கண் கணக்கெடுத்துவிடும். ஆட்டுப் புழுக்கையைக் கண்டு குடல் புழு என்று சொல்லக்கூடிய கிழவிகளை நான் கண்டிருக்கிறேன். பூனைக்கு மட்டும் நம்மில் அந்தப் பழக்கம் இல்லை. அது தன்பாட்டுக்கு வளவுக்குள் போகும், தோண்டும், இருக்கும், மூடும், வரும். எதையாவது ஒளிப்பவரைப் "பூனை மூடுகிறமாதிரி" என்று சொல்கிறோமே தவிர, அது மூடியதைத் திறந்து பார்ப்பதில்லை.

நம் வீட்டுப் பூனையின் மூதாதை மேற்காசியாவிலும் வட ஆபிரிக்காவிலும் வறண்ட நிலங்களில் திரிந்த காட்டுப்பூனை. சைப்பிரஸ் தீவில் மனிதர் ஒருவரின் புதைகுழிக்கு அருகே புதைக்கப்பட்டிருந்த பூனையின் எலும்புக்கூடு ஏறத்தாழ 9,500 ஆண்டுகள் பழையது. அவ்வளவு காலம் மனிதரோடு இருந்தும் அதன் சிறுநீரகம் இன்னும் பாலைவனத்தை மறக்கவில்லை. கிடைக்கிற நீரைத் துளியும் வீணாக்காமல் உறிஞ்சி, மிச்சத்தை நன்றாகக் கடுப்பாக்கியே வெளியே விடும். பூனைச் சலத்தின் காரமான மணத்துக்கு இந்தச் சிக்கனமும் ஒரு காரணம். தாகம் எடுத்து ஓடிப் போய்த் தண்ணீர் குடிக்கிற குணமும் அதற்குக் குறைவு. இந்த இரண்டும் சேர்ந்துதான் பூனையின் பலமும் பலவீனமும்.

இன்னொரு குணம், நோவை வெளியே காட்டாமை. சின்ன உடம்புள்ள வேட்டைக்காரன் அது. தன்னை விடப் பெரியவற்றுக்கு இரையும் அதுவே. சுகமில்லை என்று காட்டிக்கொள்வது ஆபத்து என்பதை அதன் இரத்தம் அறியும். அதனால் முனகாது, நொண்டாது, மூலையில் போய்ச் சுருண்டு படுக்கும். நாம் அதை நித்திரை என்போம். பூனை தன்னை மறந்து விட்டுப்போகிற ஒரே கடிதம் மண்ணுக்குள்தான் கிடக்கிறது.

சாம்பல் குவியலும் ரொறன்ரோ பெட்டியும்

ஆச்சி காலத்து வீடுகளில் பூனைக்கென்று தனி ஏற்பாடு கிடையாது. மாரியில் வளவு நனைந்துவிட்டால் அது குசினி அடுப்படிச் சாம்பலுக்குள் தோண்டும். ஆச்சி பேசிப் பேசி அள்ளிக் கொட்டுவா. அள்ளும்போது பார்ப்பா. பார்த்துத்தான் சொல்லுவா, "இண்டைக்கு வயித்தாலை போயிருக்கு, ஆருக்கும் பால் வைக்காதையுங்கோ" என்று.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் யுத்தத்தால் இடம்பெயர்ந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது பூனையைத் தூக்கிக்கொண்டு போகக் கை மிச்சமிருக்கவில்லை. 1996 மே மாதம் நாங்கள் திரும்பி வந்தபோது வீட்டில் கதவு இல்லை, யன்னல் இல்லை. ஆச்சி நேரே குசினிக்குள் போனா. அடுப்பில் ஆறு மாதத்துச் சாம்பல் அப்படியே கிடந்தது. அதன் நடுவில் புதிதாகத் தோண்டி மூடிய ஒரு குழி. அகப்பைக் காம்பால் கிளறிப் பார்த்துவிட்டு, "ஈரம் காயேல்லை. சீவனோடைதான் கிடக்கு" என்றா. பின்னேரம் வேலிக்குக் கீழால் அது எலும்பும் தோலுமாக வந்தது. சாம்பலைப் பார்த்து ஓர் உயிர் இருக்கிறதென்று அறியத் தெரிந்த மனுசி. அந்த அறிவை நாங்கள் ஒரு தலைமுறைக்குள் தொலைத்துவிட்டோம்.

அமெரிக்காவிலும் 1940கள் வரை இதே சாம்பலும் மணலும் மரத்தூளும்தான். 1947 தைமாதம் மிச்சிகன் மாநிலத்தில் மணல் குவியல் பனியில் உறைந்துபோக, அயல்வீட்டுப் பெண் ஒருவர் எட்வேட் லோ என்ற இளைஞரிடம் பூனைக்கு மணல் கேட்டார். தொழிற்சாலைகளில் எண்ணெய் உறிஞ்சப் பயன்படுத்தும் களிமண் குறுணியை அவர் கொடுத்தார். அது ஈரத்தை இழுத்துக்கொண்டது, மணத்தையும் அடக்கியது. அதைப் பைகளில் அடைத்து விற்கத் தொடங்கியதில் பெரியதொரு தொழில் பிறந்தது. 1980களில் நனைந்தவுடன் கட்டியாக இறுகும் பென்ரோனைற் களிமண் வந்தது. வியாபாரிகளுக்கு அது வசதியான சரக்கு. எனக்கு அது பெரிய கண்டுபிடிப்பு. ஏனென்றால் முதல்தடவையாகச் சலத்தை எண்ணவும் அளக்கவும் முடிந்தது. ஒரு தரம் போனால் ஒரு கட்டி. கட்டியின் பருமனே சலத்தின் அளவு.

ரொறன்ரோவில் இருக்கும் என் பெறாமகள் ஒருநாள் எடுத்துச் சொன்னாள்: "சித்தி, மூண்டு நாளா கட்டி தேசிக்காய் அளவிலை வாறேல்லை, மாபிள் அளவிலை ஏழெட்டு கிடக்கு." அவளுக்குப் பூனையைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் தெரியாது. மணல் பெட்டி அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது. அன்று பின்னேரமே காட்டி, சலப்பை அழற்சி என்று மருந்து தொடங்கிவிட்டார்கள். அவளுடைய பூனையும் கடுவன்தான்.

இங்கே நிலைமை இரண்டுங்கெட்டான். வேலி போய் மதில் வந்துவிட்டது; முற்றத்துக்குச் சீமெந்துக் கல் பதிக்கிறோம்; நகரத்துக் கடைகளில் பூனை மணல் பைகள் விலைக்கு இருக்கின்றன. ஆனாலும் பெரும்பாலான பூனைகளுக்கு வளவுதான் கழிப்பிடம். வெளியே போகிற பூனையின் வருத்தம், அது சாப்பாட்டை விட்ட பிறகுதான் நம் கண்ணில் படுகிறது. சாப்பாட்டை விடுவது கடைசி அடையாளங்களில் ஒன்று.

செம்மண் மறைக்கும், வெண்மணல் காட்டும்

குடாநாட்டில் மண்ணுக்கு மண் வித்தியாசம். உரும்பிராய், இணுவில், கோப்பாய்ப் பக்கம் செம்மண். மணற்காடு, வடமராட்சி கிழக்குப் பக்கம் கண்ணைப் பறிக்கிற வெண்மணல். பூனையின் சலத்தில் இரத்தம் கலந்தால் செம்மண் அதை விழுங்கிவிடும். ஒரு மாதம் போனாலும் தெரியாது. அதே இரத்தம் வெண்மணலில் இளஞ்சிவப்பு வட்டமாக நிற்கும். எங்கள் வீடு செம்மண் வளவு. கடுவனை இழந்ததற்கு அதுவும் ஒரு காரணமோ என்று யோசித்திருக்கிறேன்.

ஆகவே செம்மண் ஊர்க்காரர் ஒரு பிளாஸ்ரிக் பேசினில் நான்கு விரல் உயரத்துக்கு வெள்ளை மணல் போட்டு விறாந்தை மூலையில் வைத்தால், வெளியே போய்ப் பழகிய பூனையும் மெல்ல மெல்ல அதற்கு வரும். உப்பு மணல் என்றால் நல்ல தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட வேண்டும். மரத்தூளும் உதவும். சாம்பல் மட்டும் வேண்டாம். நிறத்தை மறைக்கும், பூனையின் மூக்கிலும் பாதத்திலும் எரிவு தரும்.

சுகமாக இருக்கும் பெரிய பூனை ஒரு நாளைக்கு இரண்டிலிருந்து நான்கு தரம் சலம் போகும். ஒரு தரமோ இரு தரமோ மலம் போகும். இது உலகக் கணக்கு. உங்கள் பூனையின் கணக்கு வேறாக இருக்கலாம். ஒரு கிழமை தொடர்ந்து பார்த்தால் அது பிடிபட்டுவிடும். பிறகு நோயைக் கண்டுபிடிக்கத் தேவையில்லை, கணக்குப் பிழைப்பதைக் கண்டுபிடித்தால் போதும்.

அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சம்

பூனை அடிக்கடி மணலுக்குப் போய், ஒவ்வொரு தரமும் துளித்துளியாக மட்டும் வந்தால், அது சலக்கடுப்பு. இளம் பூனைகளிலும் நடுவயதுப் பூனைகளிலும் இதற்குப் பெரும்பாலும் கிருமி காரணம் இல்லை. கல்லும் எல்லா நேரமும் காரணம் இல்லை. சலப்பையின் உட்சுவர் தானாகவே அழன்று வீங்கும் ஒரு நிலைதான் அதிகம். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ரோனி பஃபிங்ரன் என்ற மிருக வைத்தியர் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்தார். இந்தப் பூனைகளின் வருத்தத்தில் மனக்கலக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டென்று அவர் காட்டினார். புதிதாக ஒரு பூனை வீட்டுக்கு வருவது, வீடு மாறுவது, படுக்கிற இடம் பறிபோவது, சத்தம் எல்லாமே சலப்பையில் தாக்கும். எங்கள் ஊரில் தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வெடி கொளுத்தும் நாட்களை நினைத்துப் பாருங்கள். அந்த இரவுகளில் கட்டிலுக்குக் கீழே ஒடுங்கிய பூனை மறுநாள் சீமெந்து நிலத்தில், குளியலறை மூலையில், உடுப்புக் குவியலில் சலம் பெய்தால் அதற்கு அடி விழுகிறது. பழிவாங்குகிறது என்கிறோம். மணலில் போகும்போது நொந்ததால் அது மணலையே வெறுத்துவிட்டது. அவ்வளவுதான்.

பெட்டைப் பூனைக்கு இது வேதனை. கடுவனுக்கு இது உயிராபத்தாகவும் மாறும். பெட்டையின் சலக்குழாய் குட்டை, அகலம். கடுவனுக்கு நீளம், நுனியில் மிக ஒடுக்கம். சலப்பையில் உதிர்ந்த சளியும், மக்னீசியமும் பொஸ்பேற்றும் சேர்ந்த பளிங்குத் தூளும் ஒன்றாக இறுகி அந்த ஒடுக்கத்தில் அடைத்தால், வெளியே வர வழியில்லை. சிறுநீரகம் தன் வேலையை நிறுத்தாது, மேலே மேலே நிரப்பும். சலப்பை இறுகிய தோடம்பழம்போல் அடிவயிற்றில் முட்டும். வெளியேற வேண்டிய நஞ்சு இரத்தத்துக்கே திரும்புகிறது. சத்தி அதனால்தான் வருகிறது. அதைவிடக் கொடியது பொட்டாசியம். அது இரத்தத்தில் ஏற ஏற இதயத்தின் தாளம் மந்தமாகி நின்றுவிடும். முழுதாக அடைத்துவிட்டால் ஒரு நாளுக்குள், இரண்டு நாளுக்குள் நிலைமை கைமீறும். எங்கள் கடுவன் சனி விடியத் தொடங்கித் திங்கள் விடிய முடித்துக்கொண்டது.

கடுவன் முக்கிக்கொண்டே இருக்கிறது, மண் நனையவில்லை என்றால், மலச்சிக்கல் என்று நீங்கள் முடிவு எடுக்காதீர்கள். எண்ணெய் ஊற்றாதீர்கள், வலியில் துடிக்கிற பூனைக்கு ஊற்றும் எண்ணெய் சுவாசப்பைக்குள்ளும் போகும். வயிற்றை அமுக்கிப் பார்க்காதீர்கள். நிரம்பிய சலப்பை வெடிக்கலாம். அன்றைக்கே, அந்த மணித்தியாலத்திலேயே வைத்தியரிடம் கொண்டுபோங்கள். மயக்கி, மெல்லிய குழாய் விட்டு அடைப்பைக் கழுவி, சேலைன் ஏற்றினால் பிழைக்கிற பூனைகள் நிறைய. ஒருமுறை அடைத்தது மறுபடியும் அடைக்கக்கூடும், ஆகவே அதற்குப் பிறகு மணலைப் பார்ப்பது வாழ்நாள் வேலை.

நம் ஊரில் எல்லாப் பழியும் கிணற்றுத் தண்ணீர் மேல் விழும். குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. கேத்திலின் அடியில் வெள்ளைப் படை கட்டுவதை எல்லாரும் பார்க்கிறோம். பூனையின் பளிங்குக்குத் தண்ணீரின் கடினத்தைவிட, அது எவ்வளவு நீர் உள்ளே எடுக்கிறது என்பதே முக்கியம். பச்சை மீனில் முக்கால் பங்கு தண்ணீர். பைக்கற்றில் வருகிற காய்ந்த உணவில் பத்தில் ஒரு பங்குகூடச் சில வேளை இல்லை. அந்த உணவில் பூனைக்குத் தேவையான சத்துகள் கணக்காக இருக்கின்றன, அதை நான் குறை சொல்லவில்லை. மீனை மட்டுமே தின்று வளர்வதும் நல்லதல்ல. ஆனால் காய்ந்த உணவுக்கு மாறிய வீட்டில் இரண்டு மூன்று இடத்தில் தண்ணீர்ச் சட்டி வைக்கவேண்டும், உணவையும் நனைத்துக் கொடுக்கலாம்.

எறும்பு மொய்த்தால்

மறுபக்கம், சலம் கூடுவது. கட்டி பெரிதாகிறது, பேசின் மணல் ஒரே நாளில் சொதசொதக்கிறது. பூனை கிணற்றடி வாளியில் முகம் வைத்துக் குடிக்கிறது. நாங்கள் சந்தோசப்படுவோம், "இப்ப நல்லாத் தண்ணி குடிக்குது" என்று. பத்து வயது தாண்டிய பூனை என்றால் அந்தச் சந்தோசம் தவறு. ஒரு கிலோ உடம்புக்கு 50 மில்லிலீற்றருக்கு மேல் நாளாந்தம் குடித்தால் விசாரிக்க வேண்டும். நான்கு கிலோப் பூனைக்கு அது ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு.

வயதான பூனைகளில் முதலில் சந்தேகிக்க வேண்டியது சிறுநீரகத் தேய்வு. சலத்தைக் கடுப்பாக்கும் அந்தப் பாலைவனச் சிறுநீரகம் மூன்றில் இரண்டு பங்கு பழுதான பிறகுதான் சலம் தண்ணீராகத் தொடங்கும். வழமையான இரத்தப் பரிசோதனையில் தெரிய இன்னும் பிந்தும். மணல் இரத்தத்துக்கு முன்னே சொல்கிற இடம் இது. பழுதானது திரும்பாது, உணவை மாற்றி, நீர் கொடுத்துக் கவனித்தால் ஆண்டுக்கணக்கில் வாழவைக்கலாம். நிறையத் தின்றும் மெலிந்து, சலமும் கூடினால் கேடயச்சுரப்பி மிகையாக வேலை செய்வதையும் பார்க்க வேண்டும். பூனைகளில் இப்படி ஒரு நோய் உண்டென்று மருத்துவம் தெளிவாக அறிந்ததே 1979இல்தான்.

பிறகு சீனி வருத்தம். மனிதரின் சலத்தில் எறும்பு மொய்ப்பதை நீரிழிவின் அடையாளமாகப் பழைய இந்திய வைத்திய நூல்கள் குறித்துவைத்தன. பூனைக்கும் அதே உடல்நியாயம்தான். கொழுத்து, வீட்டுக்குள்ளேயே கிடந்து, நலம் தட்டிய கடுவன்களுக்கு இது கூடுதலாக வரும். மணலில் எறும்பு வரிசை கண்டவுடன் நோய் என்று முடிவு கட்டவேண்டாம், எறும்புக்கு வேறு தேவைகளும் உண்டு. ஆனால் தண்ணீர் குடிப்பதும் மெலிவதும் எறும்பும் ஒன்றாகச் சேர்ந்தால் பொறுக்க வேண்டாம். ஆரம்பத்திலேயே இன்சுலின் தொடங்கிய பூனைகளில் சில, பிறகு ஊசியே தேவையில்லாத நிலைக்குத் திரும்பியிருக்கின்றன. மனிதருக்குக்கூட எளிதில் கிடைக்காத வாய்ப்பு இது.

சொதியில் இருக்கும் நஞ்சு

வலிகாமத்துச் செம்மண்ணின் பெருமை சின்ன வெங்காயம். நம் சொதியும் பாற்கறியும் அது இல்லாமல் இல்லை. மிஞ்சிய சொதியைச் சோற்றில் பிசைந்து பூனைக்கு வைப்பது நூறு வருடப் பழக்கம். வெங்காயம் பூனையின் செங்குருதிக் கலங்களை உடைக்கும். அவித்தாலும் பொரித்தாலும் தூளாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. ஒரு கிலோ உடம்புக்கு ஐந்து கிராம் போதும். மூன்று கிலோப் பூனைக்கு இரண்டு மூன்று சின்ன வெங்காயம். ஒருநாள் ஒரு வாய் சொதி கொல்லாது. நாள்தோறும் சேரும்போதுதான் முரசு வெளிறி, பூனை சோர்ந்து, மணலில் சலம் தேத்தண்ணிச் சாயம்போல் செம்பழுப்பாகும். தின்ற நாளில் ஒன்றும் தெரியாது, சில நாள் கழித்தே தெரியும். அதனால்தான் யாரும் சொதியைச் சந்தேகிப்பதில்லை. வெங்காயம் போடுமுன் கொஞ்ச மீனை அவித்து எடுத்துவைப்பது பெரிய வேலையில்லை.

பனடோலையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். காய்ச்சல்போல் இருக்கிறதென்று பாதிக் குளிசையைக் கரைத்துப் பருக்குகிற அன்பான கைகள் எங்கள் வீடுகளில் உண்டு. அந்த மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் வழி பூனையின் ஈரலில் மிகக் குறைவு. ஒரு குளிசையே கொல்லப் போதும். முரசு நீலம் பாரித்துப் பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும், சலம் கறுப்புக் கோப்பிபோல் வரும். கொடுத்துவிட்டீர்களானால் ஒளிக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். நேரத்தோடு போனால் மாற்று மருந்து உண்டு.

பல்லி, தெள்ளு, கொழுக்கிப்புழு

மலத்தின் கதை சலத்தைவிடப் பழகியது, அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். மண்ணிறமாக, உருண்டையாக, மணல் ஒட்டி உருளும் பதத்தில் இருந்தால் சுகம். காய்ந்த அரிசிமணி போன்று ஒட்டியிருந்தால், சில வேளை அவை அசைந்தால், நாடாப்புழுவின் துண்டுகள். அந்தப் புழு தெள்ளின் வயிற்றில் வளர்வது. பூனை நக்கும்போது தெள்ளோடு உள்ளே போகும். புழுக் குளிசை மட்டும் கொடுத்துத் தெள்ளை விட்டால் அடுத்த மாதம் அரிசிமணி மறுபடி வரும். தார்போல் கறுத்து ஒட்டினால் வயிற்றிலோ மேற்குடலிலோ இரத்தக்கசிவு. குட்டிக்கு இரத்தமும் கழிச்சலும் சத்தியும் ஒன்றாக வந்தால், தடுப்பூசி போடாத குட்டிகளைக் கூட்டமாகக் கொண்டுபோகும் வைரசு நோயை நினைக்க வேண்டும்; ஒரு பகல் தாமதமும் கூடாது.

மலம் வெளிறிச் சாம்பலாகி, சலம் மஞ்சளேறினால் பித்தம் குடலுக்கு வரவில்லை என்று பொருள். வெப்பநாடுகளில் பல்லி தின்னும் பூனைகளின் ஈரலில் குடியேறும் ஒரு தட்டைப்புழுவும் அதற்குக் காரணமாகலாம். பல்லி பிடித்துத் தின்பது எங்கள் பூனைகளின் இராச் சாப்பாடு. காதின் உட்புறத்தையும் முரசையும் வெயில் வெளிச்சத்தில் பாருங்கள், மஞ்சள் அங்கேதான் முதலில் தெரியும்.

கொழுக்கிப்புழு ஒன்று நம் தீவின் பெயரையே தாங்கியிருக்கிறது: அன்கைலோஸ்ரோமா சிலானிக்கம். ஜேர்மன் ஆய்வாளர் ஆதர் லூஸ் 1911இல் இலங்கைப் புனுகுப்பூனை ஒன்றிலிருந்து இதை விவரித்தார். நாய்க்கும் பூனைக்கும் மட்டுமல்ல, மனிதக் குடலுக்கும் இது வரும். பூனை இருந்த ஈரமண்ணில் முட்டை பொரித்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து ஏறும். வீடு கட்டப் பறித்த மணல் குவியல் ஒழுங்கைக்கு ஒழுங்கை கிடக்கிறது. பகலில் அது பிள்ளைகளின் விளையாட்டிடம், இரவில் ஊர்ப்பூனைகளின் கழிப்பிடம். ஒரு படங்கு போட்டு மூடினால் இரண்டு பக்கமும் தப்பும்.

பிள்ளைத்தாச்சியான மகள் வீட்டுக்கு வந்தவுடன் பூனையைச் சாக்கில் கட்டிக் கொண்டுபோய்ச் சந்தையடியில் விடுகிற கொடுமை இன்னும் நடக்கிறது. டொக்சோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரியின் பயம் அது. பயம் பொய்யல்ல, கருவைத் தாக்கக்கூடியதுதான். 1970இல் அமெரிக்காவில் ஃபிரென்கலும், இந்தியாவில் பிறந்த டூபேயும், மில்லரும் பூனை மலத்தில் அதன் முட்டைக்கூடுகளை உறுதிசெய்தார்கள். ஆனால் பூனை பெரும்பாலும் தன் முதல் தொற்றின்போது, ஓரிரு கிழமைகள் மட்டுமே அவற்றை வெளியே விடுகிறது. விட்டவுடன் அவை தொற்றுவதில்லை, மண்ணில் கிடந்து முதிர ஒரு நாளிலிருந்து ஐந்து நாள் வேண்டும். நாள்தோறும் மணலை அள்ளிப் புதைத்தால் பேசினுக்குள் முதிர விடமாட்டீர்கள். அந்த வேலையைப் பிள்ளைத்தாச்சி செய்யவேண்டாம், வீட்டில் வேறு கைகள் இல்லையா? கீரையை நன்றாகக் கழுவுங்கள், இறைச்சியை நன்றாக வேகவையுங்கள். பூனை வீட்டிலேயே இருக்கட்டும்.

போத்தலில் பிடித்துக்கொண்டு

நாட்டின் மிருக வைத்திய பீடம் பேராதனையில் இருக்கிறது. ஏ9 பாதையின் மறுமுனைக்குப் போகவேண்டும், முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். இங்கே பிரதேசங்கள்தோறும் அரச கால்நடை வைத்தியர்கள் இருக்கிறார்கள். பசுவும் ஆடும் கோழியும் அவர்களுடைய நாளை நிரப்பிவிடுகின்றன. தனியார் சிகிச்சை நிலையங்களும் உண்டு, ஆனால் ஞாயிறு இரவு எல்லாம் திறந்திருக்காது. ஆகவே பூனை நல்ல சுகமாக இருக்கும் ஒரு நாளில், வார இறுதியில் யாரை அழைக்கலாம் என்று கேட்டு இலக்கத்தைக் குசினிச் சுவரில் எழுதிவையுங்கள். எங்கள் வீட்டுச் சுவரில் அது இப்போது இருக்கிறது.

போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். மலத்தைச் சின்னப் போத்தலில் போடலாம். சலம் எடுக்க, பேசினில் மணலுக்குப் பதிலாகக் கழுவிக் காயவைத்த சின்னக் கூழாங்கல் ஒரு படை போடுங்கள். கல் உறிஞ்சாது, பூனை போனபிறகு சரித்துப் போத்தலில் ஊற்றலாம். ஒரு மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் குளிர்சாதனப் பெட்டியில். மருந்துக் கடையில் மனிதருக்கு விற்கும் சலப் பரிசோதனைத் தாள் பூனையின் சீனியையும் இரத்தத்தையும்கூடக் காட்டும். மிச்சத்தை வைத்தியர் பார்த்துக்கொள்வார். கைத்தொலைபேசியில் மணலைப் படம் எடுத்துக் காட்ட வெட்கப்படவேண்டாம். "நேற்று எத்தனை தரம், எவ்வளவு, என்ன நிறம்" என்று சொல்லத் தெரிந்த வீட்டுக்காரர் வந்தால் வைத்தியருக்குப் பாதி வேலை முடிந்தது.

ஒரு பூனைக்கு இரண்டு பேசின், இரண்டு பூனைக்கு மூன்று. சாப்பாட்டுச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் அது போகாது, நமக்கும் அப்படித்தானே. பூனை உள்ளே நின்று ஒருதரம் வட்டமடித்துத் திரும்ப இடம் வேண்டும். மாரியில் இது இன்னும் அவசியம். வளவில் வெள்ளம் நிற்கும்போது, கால் நனையப் பிடிக்காத பூனை சலத்தை அடக்கிக்கொண்டு அடுப்படியில் கிடக்கும். அடக்கிய சலம் கடுத்து, பளிங்கு இறங்கும்.  ஐப்பசி மழை இறங்குமுன் இரண்டு கடகம் மணலைக் கழுவிக் காயவிட்டு, சாக்கில் கட்டி, நனையாத இடத்தில் ஏற்றிவைத்துவிடுங்கள்.